முன்னுரிமை என்னும் பெயரால்

"முதலில் சமூகத்தின் உரிமை, பெண்ணின் உரிமை பிறகு." கல்முனைக் கரையிலும் சரி, உள்ளே வயல்சூழ்ந்த இறக்காமம், வரிப்பத்தான்சேனைப் பகுதியிலும் சரி, பெண்கள் நியாயம் கேட்கும்போது கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் இதுவே. இதன் பின்னுள்ள அச்சம் பொய்யன்று. 2016இல் இறக்காமத்து மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை நிறுவப்பட்டது. 2018 பெப்ரவரியில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் அம்பாறை நகரில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஆனால் இந்த இனவெறிப் பொய்யின் கருப்பொருளே பிள்ளைப்பேறுதான். இனப் பிரச்சினை வேறு, பெண் பிரச்சினை வேறு என்று வரிசைப்படுத்துவோர் இதனை எந்தப் பட்டியலில் எழுதுவர்?

காணியை எடுத்துக்கொள்வோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இம்மாவட்டத்தின் குடிப்பரம்பலை மாற்றிற்று. அக்கசப்பைத் தமிழ் பேசும் மக்கள் மறக்கவில்லை. குடியேற்றக் காணிகளை ஆண்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இன்னொன்றும் செய்தது. பின்னுரிமையாளரைக் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால், மகளுக்கு முன்னே மகனை நிறுத்திற்று. அதைத் திருத்த 2022 வரை, 87 ஆண்டுகள், சென்றன.

கிழக்குக் கரையிலோ வீடு பெண்ணுக்குரியது. தாய்வழிக் குடிமுறை நிலவும் இங்கே பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பர். மருமகன் அவ்வீட்டிற்கு வருவான். (இதனைப் பெருமையாக எழுதுவோர், அவ்வீட்டுக்காக வாப்பா படும் கடனையும் எழுதிவிடுவது நேர்மை.) 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் அவ்வீடுகள் பல அழிந்தன. பின்னர் புதிய வீடுகளைப் பங்கிட்ட அதிகாரிகள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டனர். பெரும்பாலும் ஆணின் பெயரே பதிவாயிற்று. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறிற்று. அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகளோ, தீகவாபியை முன்னிட்ட ஆட்சேபத்தால் நீதிமன்றம் வரை சென்று, பல்லாண்டுகள் ஆளின்றிக் காடு மண்டின. அவற்றுக்காகக் குரலெழுப்பியது முற்றிலும் நியாயம். அவ்வீடுகளை யார் பெயரில் எழுத வேண்டும் என்ற கேள்வியையும் அதே கோரிக்கையில் சேர்த்திருந்தால் போராட்டம் பலவீனப்பட்டிருக்குமா? வீடிழந்தவளே அல்லவா முன்வரிசையில் வந்து நின்றிருப்பாள்!

விவாகச் சட்டத்தின் கதையும் இதுவே. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாராக ஆணையே நியமிக்கச் சொல்லிற்று. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. 12 வயது நிரம்பாத சிறுமியின் விவாகத்தையும் காதியாரின் அனுமதியுடன் பதிய இடமளித்தது. 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை தந்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து. 2019இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னர் பெரும்பான்மை மேடைகளில் முஸ்லிம் பெண்ணின்மீது திடீர்ப் பரிவு பிறந்தது. 2021இல் ஞானசார தேரர் தலைமையில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணி அமைந்தது. முதலில் நியமிக்கப்பட்டோரில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு தமிழரும் இல்லை. அந்தப் பரிவை நாம் நம்ப வேண்டியதில்லை. அதற்காக, பகைவன் பேசிவிட்டான், ஆகையால் நம் வீட்டுப் பெண் வாய்மூடட்டும் என்பது என்ன நீதி? உள்ளே தீர்க்கக்கூடியதை ஒன்பது ஆண்டுகள் இழுத்தடித்த காலதாமதமே அந்த வாயிலை வெளியாருக்குத் திறந்து வைத்தது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12(2)ஆம் உறுப்புரை, இனத்தாலும் பாலாலும் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாதென்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. நான்கு உறுப்புரைகள் தள்ளி வரும் 16(1), பழைய சட்டங்கள் இவ்வுரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது. முதற் கோரிக்கை எது என்று கேட்கும் நண்பர்கள் அந்த 16(1)இலிருந்து தொடங்கட்டும்.