பதின்பருவ முதுகெலும்புப் பக்கவளைவு: பிரேஸ் ஆய்வுகளின் வலிமையும் குறையும்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும் நிலை ஸ்கோலியோசிஸ் எனப்படுகிறது. எக்ஸ்ரே படத்தில் வளைவின் இரு எல்லைகளிலும் மிகுதியாகச் சாய்ந்துள்ள முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளந்து அதன் கடுமை கணிக்கப்படுகிறது. ஜான் காப் 1948இல் விவரித்ததால் இது காப் கோணம் எனப் பெயர்பெற்றது. 10 பாகையும் அதற்கு மேலும் உள்ள வளைவே நோயாகக் கொள்ளப்படுகிறது. பதின்பருவத்தில் தோன்றும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியவில்லை என்பதாலும், வளர்ச்சி எஞ்சியிருக்கும் வரை வளைவு கூடக்கூடும் என்பதாலும், உடலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் என்னும் உறை பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் அனுபவத்தை நம்பியே அணிவிக்கப்பட்டு வந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்ததே, ஸ்டூவர்ட் வைன்ஸ்டீன் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்களில் நடந்து 2013இல் வெளியான பிரெய்ஸ்ட் ஆய்வு. 20 முதல் 40 பாகை வரை வளைவுள்ள 242 பிள்ளைகள் அதில் ஆராயப்பட்டனர். வளைவு 50 பாகையை எட்டாமல் எலும்பு முதிர்ச்சி அடைந்தோர் பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காடும், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 விழுக்காடும் ஆவர். பலன் தெளிவாகப் புலப்பட்டதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. உறைக்குள் பொருத்தப்பட்ட வெப்ப உணரி அணிந்த நேரத்தைப் பதிவுசெய்ததால், பிள்ளைகளின் சொல்லை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. நாளுக்கு 13 மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு வெற்றி கிட்டியது என்பதும், 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ அணிந்தவர்களின் நிலை பிரேஸே அணியாதவர்களின் நிலையை ஒத்திருந்தது என்பதும் இத்துறைக்கு அது அளித்த பெருங்கொடை.

எனினும் அதே எண்களில்தான் குறையும் அடங்கியுள்ளது. பிரேஸ் இன்றியே ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் தப்பினர் எனில், அணிந்தவர்களில் பலர் தேவையில்லாமல் அதைச் சுமந்தனர் என்பது வெளிப்படை. அவர்கள் யாவர் என்பதை முன்கூட்டியே உறுதியாக அறிய வழியில்லை. சிகிச்சையைக் குலுக்கல் முறையில் ஏற்கப் பல குடும்பங்கள் மறுத்ததால், தாமே தேர்ந்துகொண்டவர்களையும் சேர்க்க நேர்ந்தது. அணிந்த நேரமோ குலுக்கலால் தீர்மானிக்கப்பட்டதே அன்று. ஆகவே மணிக்கணக்குக்கும் பலனுக்குமான தொடர்பை முழுமையான காரண உறவாகக் கொள்ளலாகாது.

பிரேஸ் அணியும் இந்தச் சுமையைக் குறைப்பதே அடுத்த ஆய்வுகளின் நோக்கம். 2024இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், இரவில் மட்டும் அணியும் பிரேஸ் 76 விழுக்காட்டினருக்கும், பொதுவான உடற்பயிற்சி 53 விழுக்காட்டினருக்கும் வெற்றி தந்தது; முதுகுக்கெனத் தனியே வகுக்கப்பட்ட பயிற்சிகள் பொதுவான உடற்பயிற்சியைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க மேன்மையைக் காட்டவில்லை. அறுவைத் துறையில், முள்ளெலும்புகளை நிலையாக இணைக்கும் முறைக்கு மாற்றாக, வளைவின் புறப்பக்கத்தை நெகிழ் கயிற்றால் பிணைத்து வளர்ச்சியைக் கொண்டே திருத்தும் முறைக்கு 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எப்.டி.ஏ. அனுமதி அளித்தது. அசைவைக் காக்கும் என்ற எதிர்பார்ப்பே அதன் கவர்ச்சி. ஆனால் கயிறு அறுவதும் திருத்தம் அளவுக்கு மீறுவதும் அறியப்பட்ட இடர்கள். பலன் உறுதிப்பட்டதென நிறுவாமல், பலனுக்கு வாய்ப்புண்டு எனக் காட்டினாலே போதும் என்ற அரிய நோய்க்கான விதியின்கீழ்தான் அந்த அனுமதி கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வாய்வுகள் எல்லாம் கோணத்தையே முதன்மை அளவாகக் கொள்கின்றன. பருவமாற்றத்தின் நடுவே நாள்தோறும் 13 மணி நேரம் உறைக்குள் வாழும் சிறுமியின் உடல், மனம், பள்ளி வாழ்க்கை ஆகியன இரண்டாம் இடத்திலேயே நிற்கின்றன. பிரெய்ஸ்ட் ஆய்வின் வாழ்க்கைத்தர வினாத்தாள் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை என்பது ஆறுதலே. ஆயினும் பொதுவான வினாத்தாள் ஒன்றால் அந்த அனுபவம் முழுதும் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல இயலாது. பிரேஸ் பயன்தருமா என்ற கேள்விக்கு இன்று தக்க விடை உண்டு. எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு நேரம், என்ன விலையில் என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே இனி ஆய்வுலகின் கடன். அதுவரை மருத்துவர் எண்களோடு ஐயத்தையும் எடுத்துரைத்து, பிள்ளையையும் முடிவில் பங்கேற்கச் செய்வதே நேர்மையான சிகிச்சை.