நிஜக் கத்தி

ஜான் வூவின் ‘மிஷன்: இம்பாஸிபிள் 2’ (2000) படத்தை இருபது சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு மறுபடியும் பார்த்தேன். முதல் தடவை எரிச்சல். இந்தத் தடவை பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற கூச்சம். தலைமயிர், கறுப்புக் கண்ணாடி, கிடார் இரைச்சல், எதற்கெடுத்தாலும் ஸ்லோ மோஷன் என்று எல்லாவற்றிலும் தேதி முத்திரை விழுந்திருக்கிறது. பழசாகிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ 1946-ல் வந்த படம். அது ஏன் பழசாகவில்லை? இந்தக் கேள்வி குறுக்கே வரக் காரணமுண்டு: இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கதை.

உளவாளி ஒருவன் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்க்கிறான். அவளிடம் மனம் பறிகொடுக்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவள் செய்ய வேண்டியது எதிரியின் படுக்கைக்குப் போவது என்று. குதிரைப் பந்தய மைதானத்துச் சந்திப்பு வரை வூ, ஹிட்ச்காக்கைத் தொட்டுக்கொண்டே போகிறார். எழுதியவர் ராபர்ட் டவுன். ‘சைனாடவுன்’ எழுதிய கை. ஆனால் சாகசக் காட்சிகள் முன்கூட்டியே தீர்மானமாகி, அவற்றை இணைக்கத்தான் அவரிடம் கதை கேட்கப்பட்டது. பொத்தான்கள் தயார், சட்டை தைத்துக் கொடு என்பது போல.

‘நொட்டோரியஸ்’ படத்தில் கேரி கிராண்ட் விஷயத்தைச் சொல்கிறான். ‘போகாதே’ என்று அவன் சொல்வான் என இன்க்ரிட் பெர்க்மன் காத்திருக்கிறாள். அவன் சொல்வதில்லை. அவ்வளவுதான் காட்சி. ரியோ நகரம் பின்னால் திரையில் ஓடும் நிழல். ஒயின் பாட்டிலுக்குள் யுரேனியம் என்பது சிறுபிள்ளைக் கதை. இருந்தும், விஷம் கலந்த காப்பிக் கோப்பையை அவள் கையிலெடுக்கும்போது என் தொண்டை வறள்கிறது.

வூவின் படத்தில் எல்லாம் நிஜம். யூட்டாவின் செம்பாறைகளில் டாம் க்ரூஸே தொங்கினார். கட்டியிருந்த கம்பிகளைப் பின்னால் பிம்பத்திலிருந்து அழித்தார்கள். கடைசிச் சண்டையில் அவர் கண்ணுக்குக் கால் அங்குலத்தில் வந்து நிற்கும் கத்தியும் நிஜக் கத்தி; அவர் வற்புறுத்தி, கம்பியில் அளவெடுத்துக் கட்டி நிறுத்தியது. ஒரு மனிதன் தன் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறான். நான் கொட்டாவி விட்டேன்.

இதுதான் என்னை உறுத்துகிறது. மோட்டார் சைக்கிளின் தார்ச்சாலை டயர் மண்ணில் இறங்கியதும் முரட்டு டயராக மாறிவிடுவதைக் கண்டுபிடித்துச் சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு விமர்சனமாகாது. டயரைச் சரியாக வைத்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். 1996-ல் ப்ரையன் டி பால்மா எடுத்த முதல் படத்தில் இதே நாயகன் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறான். ஒரு வியர்வைத் துளி அவன் கண்ணாடியில் உருண்டு வருகிறது. தரையில் விழுந்தால் எல்லாம் போயிற்று. அங்கே அவன் வியர்க்கிறான். இரண்டாம் படத்தில் அவனுக்கு வியர்வை கிடையாது. எந்த முகமும் கழற்றக்கூடிய முகமூடி என்று ஆனபின், செத்துக் கிடப்பது யார் என்றும் நாம் கவலைப்படுவதில்லை. தான் நேசிக்கும் பெண்ணை அனுப்பத் தயங்குகிறவனிடம், பொய் சொல்லிப் படுக்கப் பெண்ணுக்குப் பயிற்சி எதற்கு என்கிறார் மேலதிகாரி. படத்தின் ஒரே நிஜமான காயம் அந்த இடம். அதை ஆற விடாமல் நின்று பார்க்க வேண்டிய படம், கார் ஏறிப் போய்விடுகிறது.

வூவுக்கு அநியாயம் செய்யக் கூடாது. ஹாங்காங்கில் 1986-ல் ‘எ பெட்டர் டுமாரோ’ எடுத்தபோது இதே ஸ்லோ மோஷனில் துக்கம் இருந்தது. நண்பனை இழக்கப்போகிறவன் அந்த ஒரு கணத்தை நீட்டித்துக்கொள்கிற ஆசை அது. ‘தி கில்லர்’ (1989) படத்தின் தேவாலயத்துப் புறாக்களுக்கும் அங்கே இருக்க உரிமை உண்டு. சிட்னியின் நிலவறையில் தீக்கு நடுவே புறா பறக்கும்போது அது வூவின் கையெழுத்தாக மட்டும் பறக்கிறது. அடுத்து வந்த ‘போர்ன்’ படங்களில் காமிரா நடுங்கிற்று. அதையே யதார்த்தம் என்றோம். இன்று அந்த நடுக்கத்துக்கும் வயசு தெரிகிறது.

இதை நான் எழுதுவதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகைக்குக் கதைகள் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிலகாலம் என்னிடம் இருந்தது. நண்பர் ஒருவர் அனுப்பிய கதையில் ஒரு பெண் ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்துக்கு அந்த ஊரில் ரயிலே கிடையாது. நம்பகம் இல்லை என்று நாலு பக்கம் எழுதித் திருப்பி அனுப்பினேன். கால அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதினேன். என் தகவலில் பிழை இல்லை. நண்பர் பதில் போடவில்லை. அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்பது இன்று எனக்கு ஞாபகமில்லை. பெஞ்சின் ஈரத்தில் புடவை நனையாமலிருக்கச் செய்தித்தாளை விரித்து, அதில் பாதியைப் பக்கத்து இடத்திலும் விரித்து வைத்தாள் என்பது மட்டும் இருக்கிறது.