எரியாத தீயின் வெளிச்சம்

திரைப்படத்திலே தீயைக் காட்டுவது இன்று பெரிய வித்தையன்று. கணினி ஒரு நகரத்தையே எரித்துக் காட்டிவிடும். ஆனால் அந்தத் தீயின் முன்னே நிற்கும் மனிதனுடைய முகத்தைப் பார்க்கும்போதுதான் வித்தை வெளிறிப் போகிறது. சுவாலை உண்மைபோல இருக்கிறது; முகத்தில் விழும் வெளிச்சமோ பொய் சொல்கிறது. இந்தப் பொய் எங்கே பிறக்கிறது என்று ஆராய்வது தொழில்நுட்ப வல்லுநருக்கு மாத்திரம் உரிய காரியமென நாம் கருதவில்லை. கலையின் உருவத்தை அதன் உற்பத்தி முறையிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்று பேசிவரும் நமக்கு இது நேரடியான விஷயமாகும்.

முதலில் தீ ஏன் ஆடுகிறது? எரிபொருளிலிருந்து எழும் சூடான வாயு மேலே விரைகிறது. சுற்றிலுமுள்ள குளிர்ந்த காற்று அடியிலே புகுகிறது. இரண்டும் உரசுமிடத்தில் சுழிகள் தோன்ற, சுவாலை விம்மியும் ஒடுங்கியும் துடிக்கிறது. இத்துடிப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. ஒரு மீற்றர் அகலமுள்ள தீ செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தடவை விம்மும். கால் மீற்றர் அகலமாயின் மூன்று தடவை. தீ பெரிதாகப் பெரிதாக அதன் மூச்சு நிதானமடைகிறது. நமது கண் இந்தக் கணக்கைப் படியாமலே அறிந்து வைத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டு முதல் மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்திலே, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த வெளிச்சத்திற் படித்த பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். காற்று வீசும்போது கொப்பியின் மேல் நிழல் எப்படி ஓடும் என்பதை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

அக்கண்ணை ஏமாற்றுவதற்கு ஸ்ரூடியோக்கள் கையாளும் மலிவான வழி ஒன்றுண்டு. ஓரிடத்தில் ஒரு விளக்கை வைத்து, அதன் பிரகாசத்தை ஒழுங்கற்ற முறையிலே கூட்டியும் குறைத்தும் விடுவதுதான் அது. இவ்வொழுங்கின்மையைப் பிறப்பிப்பதற்குப் பெரிதும் பயன்படுவது கென் பேர்லின் என்பவர் ஆக்கிய கணித முறை. 1982இல் வெளியான ‘ட்ரோன்’ படத்தில் பணியாற்றிய அவர், கணினிப் படங்களின் இயந்திரத் தன்மையிலே சலிப்புற்று இதனை உருவாக்கினார். 1997இல் அமெரிக்கத் திரைப்பட அக்கடமி இதற்காக அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது. கருவி நல்ல கருவிதான். குற்றம் அதனைப் பிரகாசத்துக்கு மாத்திரம் பூட்டிவிட்டு எழுந்துபோவதில் இருக்கிறது. உண்மைத் தீயிலே ஒளி தன் இடத்தை விட்டு நகர்கிறது. ஆகவே நிழலும் நகர்கிறது. சுவாலை அகலும்போது நிழலின் விளிம்பு மங்குகிறது, ஒடுங்கும்போது கூர்மையடைகிறது. தணியும்போது நிறமும் சிவந்து செல்கிறது. இவை எல்லாம் ஒரே கணத்தில் ஒரே காரணத்தால் நிகழ்பவை. பிரகாசம் மாத்திரம் ஏறி இறங்கி, நிழல் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டால், அங்கே நாம் காண்பது தீயன்று, பழுதடைந்த மின்குமிழ்.

சுவாலை வேறு, வெளிச்சம் வேறு என்ற இந்தப் பிரிவினை பழையது. 1982இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் படத்திலே, உயிரற்ற ஒரு கிரகத்தைத் தீச்சுவர் சூழ்ந்து பரவும் காட்சியொன்று உண்டு. வில்லியம் றீவ்ஸ் அதனை எண்ணற்ற ஒளித்துகள்களாற் படைத்தார். ஆனால் அத்துகள்கள் தாமே நிலத்தை ஒளிரச் செய்யவில்லை. தீ வளையங்களின் நடுவே, மேலே, வேறொரு விளக்கை வைத்துத்தான் நிலத்துக்கு வெளிச்சம் தரப்பட்டது. மனித முகமே இல்லாத அந்தக் காட்சிக்கு அது போதும்; அந்நாட் கணினிக்கு அதற்கு மேல் வலுவும் இல்லை. அன்றைய தேவை இன்று பழக்கமாகிவிட்டதே நமது முறைப்பாடு.

மறுபுறத்தில், ஸ்டான்லி குப்ரிக் நெறிப்படுத்தி 1975இல் வெளிவந்த ‘பரி லிண்டன்’ படத்தை நினைக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுக்களின் சூதாட்ட அறைகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே படமாக்க வேண்டுமென்று அவர் நின்றார். நாசாவுக்காக ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த, எஃப் 0.7 என்னும் அகன்ற துவாரமுள்ள வில்லையைக் கமராவிற் பொருத்தி, ஒளிப்பதிவாளர் ஜோன் அல்கொட் அக்காட்சிகளை எடுத்தார். அந்த வில்லையிலே தெளிவாகத் தெரியும் ஆழம் மிகச் சொற்பம். நடிகர் சற்று அசைந்தாலும் முகம் மங்கிவிடும். எனவே அவர்கள் ஆடாமல் அமர்ந்திருந்தார்கள். விளைவு யாது? உழைக்காத ஒரு வர்க்கம் தன் மெழுகுக்குள்ளேயே உறைந்து கிடப்பது போன்ற தோற்றம். தொழில்நுட்பத்தின் தடையே உள்ளடக்கமாக மாறிய அரிய சந்தர்ப்பம் அது. அப்படத்தின் குளிர்ந்த மனம் நமக்கு முற்றாக உவப்பானதன்று. எனினும் அங்கே தீயும் முகமும் ஒரே அறையில் இருந்தன.

இன்றைய முறையிலே அவை ஒரே அறையில் இல்லை. ஒரே நாட்டிலும் இல்லை. நடிகர் பச்சைத் திரையின் முன் நிற்கிறார். மின்விளக்குத் தொழிலாளி ஒருவர், இனிமேல்தான் வரப்போகும் தீயை ஊகித்து, அவர் முகத்தில் ஒரு விளக்கைத் துடிக்க வைக்கிறார். பல மாதங்களின் பின்னர், வேறொரு தேசத்திலே ஒருவர் கணினியிற் சுவாலையை வளர்க்கிறார். முகத்தின் துடிப்பு முன்னரே முடிவாகிவிட்டது. அதற்கு ஏற்பத் தீ வளைந்து கொடுக்க வேண்டும். காரணம் காரியத்துக்கு அடிபணியும் விசித்திரம் இது! தீயைச் செய்தவர் முகத்தை ஒளிரச் செய்யவில்லை. முகத்தை ஒளிரச் செய்தவர் தீயைக் கண்டதில்லை. உழைப்பு துண்டாடப்படும்போது காட்சியும் துண்டாகிறது.

உண்மைத் தீக்கே திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் மூட்டும் தீ சண்டைக் கலைஞரையும் உதவியாளரையும் சுடக்கூடியது. அவர்களைக் காக்கும் எந்தப் பொய்யையும் வரவேற்கிறோம். மேலும், பரிகாரங்கள் கைவசம் உள்ளன. உண்மைத் தீயைப் படம்பிடித்து, அதனை ஒளிப்பலகைகளில் ஓடவிட்டு, அந்த வெளிச்சத்தை நடிகரின் முகத்தில் விழச் செய்யலாம். கணினியில் எரியும் சுவாலை முழுவதையுமே ஒளிமூலமாக்கி, அதன் ஒவ்வொரு நாவும் சுவரையும் முகத்தையும் தொடும்படி கணிக்கவும் முடியும். ஆனால் அவ்வாறு கணிக்கும்போது படத்திலே புள்ளிகள் மொய்க்கின்றன. அவற்றை நீக்கக் கணினி நீண்ட நேரம் உழைக்க வேண்டும். அதற்கும் மேலாக, ஒரு மனிதன் உட்கார்ந்து தீயைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு நேரம் வேண்டும்.

அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? காட்சி விளைவு நிறுவனங்கள் பெரும்பாலும் நிலையான விலை கூறி வேலையை ஏற்கின்றன. நெறியாளர் பத்துத் தடவை மனம் மாறினாலும் அந்தச் சுமை நிறுவனத்தின் தலையிலும், அங்கிருந்து தொழிலாளியின் இரவுகளிலும் இறங்குகிறது. வரிச் சலுகை தரும் நாடுகளை நாடி வேலை வன்கூவருக்கும் இலண்டனுக்கும் நகர்கிறது. குறைந்த கூலியை நாடி மும்பாய்க்கும் ஹைதராபாத்துக்கும் நகர்கிறது. ‘லைஃப் ஒஃப் பை’ படத்தின் புலியைப் படைத்த றிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அதே மாதம் 24ஆம் திகதி அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஒஸ்கார் கிடைத்தது. மண்டபத்துக்கு வெளியே காட்சி விளைவுக் கலைஞர்கள் பதாகை ஏந்தி நின்றனர். உள்ளே பரிசு பெற்ற பில் வெஸ்டன்ஹோபர், அந்நிறுவனத்தின் துன்பத்தைச் சொல்ல முற்பட்டபோது, ‘ஜோஸ்’ படத்தின் சுறா இசையை எழுப்பி அவருடைய பேச்சை அமுக்கிவிட்டார்கள்.

ஆகவே, ஆடாத நிழலோடு துடிக்கும் அந்த விளக்கைத் திரையிற் காணும்போது, கலைஞனுக்குத் தீயைத் தெரியாது என்று எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் அநீதியும் ஆகும். அவனுக்குத் தெரியும். நிழலை நகர்த்த இன்னும் இரண்டு நாட்கள் வேண்டும் என்பதும், அவை கிடையா என்பதும் அவனுக்குத் தெரியும். “கிராபிக்ஸ் பிரமாதம்” அல்லது “கிராபிக்ஸ் மோசம்” என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும் நமது பத்திரிகை விமர்சகர்கள் இந்த இரண்டு நாட்களைப் பற்றி ஒருபோதும் கேட்பதில்லை.

2023 செப்ரெம்பரில் மார்வல் நிறுவனத்தின் காட்சி விளைவுத் தொழிலாளர் சங்கம் அமைக்க ஏகமனதாக வாக்களித்தனர். மறு மாதம் டிஸ்னியின் தொழிலாளரும் அவ்வழி சென்றனர். அவர்கள் அந்நிறுவனங்களின் நேரடி ஊழியர்கள். ஒப்பந்த நிறுவனங்களில் இருந்துகொண்டு, அதே படங்களுக்கு மும்பாயிலும் வன்கூவரிலும் தீ வளர்ப்பவர்கள் அந்த வாக்கெடுப்புக்கு வெளியிலேயே இருந்தார்கள்.