ஊசியின் உயரம்

பழைய அம்பாசடரின் பானெட்டை மூடும்போது இரண்டு சத்தம் கேட்க வேண்டும். முதலில் மெல்லிய ‘கிளிக்’. அது பாதுகாப்புக் கொக்கி பிடித்த சத்தம். உள்ளங்கையால் அழுத்தியதும் கனமாக ஒரு ‘டக்’. அது ஊசி தகட்டுக்குள் இறங்கிய சத்தம். இரண்டுக்கும் நடுவில் இமைப்பொழுது இடைவெளி இருந்தால் பூட்டு நலமாக இருக்கிறது. இரண்டும் கலந்து ‘டமார்’ என்று ஒரே சத்தமாகக் கேட்டாலோ, இரண்டாவது சத்தம் வராமலே போனாலோ வண்டியைப் பட்டறைக்கு விட வேண்டியதுதான்.

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கிய பெரிய பள்ளிவாசல் இருக்கும் திண்டுக்கல் பேகம்பூரில், அப்படி வந்து நின்ற ஒரு வண்டியைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பானெட்டை ஓங்கி அறையப்போன வண்டிக்காரரைக் கையமர்த்தினார் மெக்கானிக். “அடிக்காதீங்க தம்பி, மெல்ல விடுங்க. என்ன சொல்லுதுன்னு கேப்போம்.” தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவரைப்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். திரும்பவும் தூக்கி விடச் சொன்னார். எனக்கு ஒன்றாகவே கேட்ட சத்தத்தில் அவருக்கு நோய் தெரிந்துவிட்டது.

அந்தப் பூட்டின் அமைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பானெட்டின் அடியில் ஒரு தடித்த ஊசி. அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். கீழே, கிரில்லுக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டில் ஊசிக்கு ஒரு துளை. துளையின் ஓரத்தில் நகரும் ஒரு தாழ். ஊசியின் நுனி கூம்பாக இருப்பதால், இறங்கும்போது தாழைத் தானே ஒதுக்கிவிட்டுப் போகிறது. நுனிக்குச் சற்று மேலே ஒரு கழுத்து. கழுத்து வந்ததும் தாழ் திரும்பிவந்து அதைக் கவ்விக்கொள்கிறது. உள்ளே இருந்து கேபிளை இழுத்தால் தாழ் விலகும். அதுவரை அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங், பானெட்டை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்திக் கொடுக்கும். பூட்டும்போது எதிர்த்த ஸ்பிரிங்கே திறக்கும்போது உதவிக்கு வருகிறது. இதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன்.

இனி அந்த ஊசியின் உயரம். ஊசி மரையில் ஏறி இறங்கும்; செக்நட் ஒன்று அதை நிறுத்தி வைக்கும். ஊசி நீண்டுவிட்டால் பானெட் மட்கார்டுக்கு மேலே தூக்கி நின்று, ஓடும்போது கடகடக்கும். குட்டையானால் தாழுக்கு எட்டாது. எட்டினாலும் இறுகிப்போய், இழுக்கிற கேபிள் அறுந்துவிடும். சரியான இடம் இரண்டுக்கும் நடுவே அரைச் சுற்றில் இருக்கிறது.

திண்டுக்கல்காரருக்கு இந்த அரைச் சுற்றின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ஊர்ப் பூட்டுக்குள்ளும் இதே நியாயம்தான். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைத் தூக்குகிறது. குறைத்துத் தூக்கினாலும் திறக்காது, கூட்டித் தூக்கினாலும் திறக்காது. லீவர்கள் எல்லாம் தத்தம் உயரத்தில் வந்து நின்றால்தான் தாழ் நகரும். அந்த உயரத்தை அரத்தால் ராவி ராவிக் கையாலேயே கொண்டுவருகிற ஊர் இது.

பட்டறையில் நடந்த வேலையும் அந்தப் பொறுமையோடுதான் நடந்தது. முதலில் மண்ணெண்ணெய். வருஷக்கணக்கில் புழுதியோடு சேர்ந்து கெட்டித்த கிரீஸ் கரைந்ததும், தாழ் பாதி உயிர் பெற்றது. கேபிளை உறையிலிருந்து உருவி, பிரிந்து நின்ற இழைகளைக் கண்டு, வேறு மாட்டினார்கள். ஊசியின் கழுத்தில் தேய்ந்து எழுந்திருந்த பிசிறை அரத்தால் இரண்டே இழுப்பில் எடுத்தார்கள். கடைசியில் செக்நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, மூடிப் பார்த்து, மறுபடி திருப்பி. பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தே மட்டம் சொன்னார் அவர். ஸ்கேல் தேவைப்படவில்லை.

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில், ஓடும்போது பானெட் திறந்துகொள்ளுமோ என்ற கவலை குறைவு. அதன் பானெட் முன்பக்கக் கீலில் சாய்ந்து திறக்கும். எதிர்க்காற்று அதை மூடவே பார்க்கும். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடருக்குக் கீல் கண்ணாடிப் பக்கம். பூட்டு விட்டால் நெடுஞ்சாலையில் காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடிமேல் அறைந்து, ஓட்டுநரின் கண்ணை மறைத்துவிடும். ஊசி கைவிட்டாலும் பிடித்து நிறுத்தத்தான் அந்தச் சின்னக் கொக்கி.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பானெட்டைக் கயிற்றாலும் கம்பியாலும் கட்டி ஓட்டாதீர்கள். ஊசி சரியானதுமே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விடாதீர்கள். கொக்கியை விரலால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். விட்டதும் அது தன் இடத்துக்கு உடனே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அதன் ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள்.