சளியும் சுபாவமும்

"கவலைப்பட்டே உடம்பைக் கெடுத்துக்காதே" என்று சொல்லாத வீடு இல்லை. அதற்கு ஆதரவாகக் கருத்தாய்வுகளும் நிறைய உண்டு. கவலையும் எரிச்சலும் சுபாவமாகிவிட்டவர்கள் தலைவலி, வயிற்றுக்கோளாறு, படபடப்பு என்று மற்றவர்களைவிட அதிகம் முறையிடுகிறார்கள். ஆனால் இந்த ஆய்வுகளில் மனத்தைப் பற்றிச் சொல்பவரும் உடம்பைப் பற்றிச் சொல்பவரும் ஒரே ஆள். 1989இல் உளவியலாளர்கள் டேவிட் வாட்சனும் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் இந்த ஓட்டையைத்தான் சுட்டினார்கள். அத்தகைய சுபாவம் முறையீடுகளோடு நெருங்கிய உறவுடையது; நோயின் புறச்சான்றுகளோடு அதற்குள்ள உறவு பலவீனமானது.

இதைச் சரியாகச் சோதித்தவர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஷெல்டன் கோஹன். 2003இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 334 பேரிடம் முதலில் தொலைபேசி வழியே அன்றாட மனநிலையைக் கேட்டறிந்தார்கள். பிறகு சளி உண்டாக்கும் ரைனோவைரஸை மூக்கில் சொட்டு மருந்துபோல விட்டு, அவர்களைத் தனிமைப்படுத்திக் கண்காணித்தார்கள். மூக்கு சிந்திய காகிதத்தை எடைபோட்டுச் சளியின் அளவைக் கணித்தார்கள். நோயாளியின் வாய்மொழிக்கு அப்பால் இன்னொரு சாட்சி கிடைத்தது.

மகிழ்ச்சி, சுறுசுறுப்பு, அமைதி மிகுந்தவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவாக இருந்தது. கவலைச் சுபாவமோ சளி பிடிப்பதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. புறச்சான்றுக்கு மிஞ்சிய முறையீடுகளையே கூட்டியது. 2006இல் 193 பேரிடம், ஃப்ளூ வைரஸையும் சேர்த்துச் செய்த ஆய்விலும் மகிழ்ச்சியின் பலன் தென்பட்டது. இன்னொரு நுட்பமும் உண்டு. கோஹன் குழுவின் 1995 ஆய்வில், வைரஸ் ஏறும் சமயத்தில் மனம் சோர்ந்திருந்தவர்களுக்கு நோயே கடுமையாக இருந்தது. நிலைத்த சுபாவம் வேறு, அந்நேரத்து மனநிலை வேறு.

இந்த ஆய்வுகளின் பலம், மனநிலையை நோய்க்கு முன்பே அளந்ததும், எல்லோரையும் திட்டமிட்டே வைரஸுக்கு ஆட்படுத்தியதும். பலவீனமும் தெளிவு. இவை யாருடைய மனப்போக்கையும் மாற்றிப் பார்க்கவில்லை. ஆகவே மகிழ்ச்சிதான் காத்தது என்று அறுதியிட முடியாது. சுறுசுறுப்பு என்பதே நல்ல உடல்நலத்தின் அடையாளமாக இருக்கலாம். 2006 ஆய்வில் தம் உடல்நலம் பற்றிய அவரவர் மதிப்பீட்டைக் கணக்கில் சேர்த்த பிறகும் உறவு நீடித்தது. அது இந்த ஐயத்தைக் குறைக்கிறது, தீர்க்கவில்லை.

எனவே என் முடிவு இது. கவலைச் சுபாவம் சளியை வரவழைக்கிறது என்ற குற்றச்சாட்டு நிற்காது. அது அறிகுறிகளைப் பெருக்கி உணரவைக்கிறது என்பது நிற்கும். மகிழ்ச்சி காக்கும் என்பது நம்பத்தக்க ஊகம், மருத்துவச் சீட்டில் எழுதத்தக்க உண்மை அல்ல. சளியில் கண்டதைப் புற்றுநோய்வரை நீட்டுவோருக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரமே இல்லை. கூட்டத்தின் சராசரியை வைத்துத் தனியாளின் வலியைத் தள்ளிவிடவும் கூடாது. கவலைக்காரர் நெஞ்சுவலி என்றால், முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். சுபாவத்தைப் பிறகு பேசலாம்.