10-ஆம் எண் சட்டை யாருக்கு? ஸ்பிரிங்பாக் ரசிகர்களின் தீராத வழக்கை ரசிப்பது எப்படி

2023 செப்டம்பர் 23. பாரிஸில் நடந்த ரக்பி உலகக் கோப்பை லீக் ஆட்டத்தில் ஸ்பிரிங்பாக் எனப்படும் தென்னாப்பிரிக்க அணி அயர்லாந்திடம் 13-8 என்று தோற்றது. தோற்றது 5 புள்ளியில். கோலுக்கு உதைத்துத் தவறவிட்டதோ 11 புள்ளி. இதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது என்று ஒரு தரப்பு தீர்ப்பெழுதி முடித்துவிட்டது. குற்றவாளி, 10-ஆம் எண் அணிந்த மானி லிபோக். நிவாரணம், கெண்டைக்கால் காயத்தால் முதல் அணியில் இடம்பெறாத ஹான்ட்ரே பொல்லார்ட். அவர் 2019 இறுதிப்போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக 22 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். மறுதரப்பு விடவில்லை. தவறிய உதைகளில் ஒரு பகுதி ஸ்க்ரம்ஹாஃப் ஃபாஃப் டி கிளர்க்கின் காலிலிருந்து போனவை, அவற்றையும் ஏன் லிபோக் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்டது. பொல்லார்ட் அணிக்குள் வந்த விதமும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. காயம்பட்டு வெளியேறியவர் மால்கம் மார்க்ஸ், இரு அணியினரும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமின் நடுவில் நிற்கும் ஹூக்கர். அவருடைய இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் உதைக்கிற ஆளை அழைத்தார்கள்.

இந்தச் சண்டையை வெறும் கூச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரக்பியைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. 10-ஆம் எண் யாருக்கு என்று ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போது அவர்கள் பேசுவது ஒரு ஆளைப் பற்றி மட்டுமல்ல. நம் அணி எப்படி ஜெயிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைப் புரிந்துகொண்டு கேட்டால் ஆட்டமே வேறாகத் தெரியும்.

முதலில் இரண்டே விதிகள். ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது; பக்கவாட்டிலோ பின்னாலோ நிற்பவருக்குத்தான் கொடுக்கலாம். காலால் எந்தத் திசையிலும் உதைக்கலாம். பதினைந்து பேரில் எட்டு பேர் ஃபார்வர்டுகள். மோதிப் பந்தை வென்று தருவது அவர்கள் வேலை. வென்ற பந்தை 9-ஆம் எண்காரர், அதாவது ஸ்க்ரம்ஹாஃப், எடுத்து 10-ஆம் எண்காரரான ஃப்ளைஹாஃபிடம் அனுப்புகிறார். அதன் பிறகு பந்து கை மாறுமா, எதிரணியின் பின்னால் உதைபடுமா, இவரே ஓடுவாரா என்பதை ஒரு நொடிக்குள் தீர்மானிப்பவர் ஃப்ளைஹாஃப். எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3 புள்ளி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி ட்ரை அடித்தால் 5, அதைத் தொடர்ந்து கிடைக்கும் கன்வர்ஷன் உதைக்கு 2. பெரும்பாலும் உதைக்கிற பொறுப்பும் இவருடையதே. ஆகவே எண்பது நிமிடம் ஆடிய ஒருவரின் வேலையை நான்கு உதைகளை வைத்து அளந்துவிடுகிறோம்.

அதனால் பார்க்க உட்காரும்போது முதல் இருபது நிமிடமாவது பந்தைப் பின்தொடராதீர்கள். பந்து இன்னும் குவியலுக்குள் இருக்கும்போதே 10-ஆம் எண்காரர் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். தடுப்பு வரிசைக்கு அருகில், அநேகமாக அவர்கள் மூச்சு படும் தூரத்தில் நின்றால் ஓட்டத்துக்கும் கைமாற்றுக்கும் தயாராகிறார். எதிரிக்கு யோசிக்க நேரம் இருக்காது. ஆனால் அவருக்கும் இருக்காது. பல மீட்டர் பின்னால் நின்றால் நிதானமாகப் பார்த்து உதைக்கப்போகிறார். தொலைக்காட்சிக் கேமரா பந்தையே துரத்துவதால் இதைக் கவனிப்பது கொஞ்சம் சிரமம். ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்அவுட்டோ ஸ்க்ரமோ தொடங்கும் முன் அகலக் கோணத்தில் காட்டுவார்கள். அந்தச் சில நொடிகளைத் தவறவிடாதீர்கள்.

தென்னாப்பிரிக்கர்கள் இந்த இரண்டு நிலைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். 1999 உலகக் கோப்பையில் ஹென்றி ஹோனிபால் முதல் வகை. தடுப்புக்கு அருகில் நிற்பார், ஃபார்வர்டு போலவே டேக்கிள் செய்வார். அவர் காயத்தில் இருந்ததால் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் யானி டி பீர் இறங்கினார். பின்னால் நின்று, ஓடும் ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலை ஒன்றல்ல, இரண்டாம் பாதியில் மட்டும் ஐந்து அடித்தார். 44-21. ஹோனிபால் இருந்திருந்தால் அது முற்றிலும் வேறொரு ஆட்டமாக இருந்திருக்கும். ஒரு சட்டைக்குள் எந்த மனிதர் நுழைகிறார் என்பதைப் பொறுத்து ஒரு தேசிய அணியின் குணமே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

இப்போது லிபோக்குக்கு வருவோம். 2023 செப்டம்பர் 10, மார்செய், ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரம். பந்து லிபோக்கிடம் வருகிறது. தலையும் தோளும் எதிரே நிற்கும் தடுப்பாளர்களை நோக்கியே இருக்கின்றன. அவர்கள் அடுத்த கைமாற்றை எதிர்பார்த்து உள்பக்கம் நெருங்குகிறார்கள். கால் மட்டும் வேறு வேலை செய்கிறது. களத்தின் குறுக்கே பந்து பறந்து ஓரக்கோட்டருகே தனியாக நின்ற கர்ட்-லீ அரென்ட்ஸேவிடம் போய் விழுகிறது. ட்ரை. பந்து போன ஓரத்தை லிபோக் உதைக்கும்போது பார்க்கவே இல்லை. எப்போது பார்த்தார்? பந்து வருவதற்கு முன்பே. அந்தப் பதிவு கிடைத்தால் மூன்று முறை பாருங்கள்: முதலில் பந்தை, பிறகு தடுப்பாளர்களின் பாதங்களை, கடைசியில் பந்து வருவதற்கு முந்தைய இரண்டு நொடியில் லிபோக்கின் கண்களை. லிபோக் கட்சிக்காரர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது மூன்றாவது முறை விளங்கிவிடும்.

பொல்லார்டை ரசிக்க வேறு வகைப் பொறுமை வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 21, இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. மழை, பந்து வழுக்குகிறது. எதிரணியின் ஓவன் ஃபேரல் பெனால்டியாக உதைத்துப் புள்ளி சேர்க்கிறார், ஒரு டிராப் கோலும் அடிக்கிறார். காயம் எதுவும் இல்லாத லிபோக்கை முதல் பாதி முடியுமுன், 31-ஆம் நிமிடத்திலேயே வெளியே அழைத்துவிட்டுப் பொல்லார்டை இறக்குகிறார்கள். ஒரு ஆட்டக்காரருக்கு இதைவிடக் கடினமான நடை இல்லை. பொல்லார்ட் வந்ததும் ஒன்றும் மின்னவில்லை. இடுப்பை நேராக வைத்து, பந்தை நீளமாக உதைத்து, இங்கிலாந்தை அவர்கள் பாதிக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசிக் கால்மணி நேரம் வரையில் 15-6 என்று இங்கிலாந்து முன்னிலை. ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை அடித்தார், பொல்லார்ட் கன்வர்ஷனைப் போட்டார், 15-13. முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கிட்டத்தட்ட 50 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு பெனால்டி. உள்ளே. 16-15.

பொல்லார்ட் கட்சி அத்துடன் வழக்கு முடிந்தது என்கிறது. நீங்கள் இங்கேதான் பதிவை ஒரு நிமிடம் பின்னால் ஓட்ட வேண்டும். அந்தப் பெனால்டி எப்படிக் கிடைத்தது? ஸ்க்ரமில். மாற்றாக வந்த ஆக்ஸ் என்சே முன்வரிசையில் நின்று இங்கிலாந்தின் ஸ்க்ரமைச் சிதைத்தார். நடுவர் விசில் ஊதினார். உதைத்தவர் பொல்லார்ட், ஆனால் உதைக்கும் உரிமையைச் சம்பாதித்தவர்கள் எட்டு பேர். 10-ஆம் எண்ணைப் பற்றிய எந்த வாதத்திலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவருக்கு எப்படிப்பட்ட பந்து கிடைத்தது? ஃபார்வர்டுகள் பின்னால் தள்ளப்படும் நாளில் உலகின் சிறந்த ஃப்ளைஹாஃபும் தடுமாறுகிறவராகத் தெரிவார். முன்னால் தள்ளும் நாளில் சாதாரண ஆளும் மேதையாகிவிடுவார். ரசிகர்களின் பேச்சில் பெரும் அநியாயம் நடப்பது இந்த இடத்தில்தான்.

அந்த உலகக் கோப்பையின் கடைசி மூன்று ஆட்டங்களும் வாதம் வளர்வதற்கென்றே அமைந்தவை. காலிறுதியில் பிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11. மூன்றும் ஒரே புள்ளியில். இறுதியின் 12 புள்ளியும் பொல்லார்ட் உதைத்தவை. சரி. ஆனால் காலிறுதியில் தோமா ராமோஸ் கன்வர்ஷனுக்கு ஓடத் தொடங்கியதும் செஸ்லின் கோல்பி கோட்டிலிருந்து பாய்ந்து போய்ப் பந்தைக் கையால் மறித்தாரே, அந்த 2 புள்ளி பிரான்ஸுக்குப் போயிருந்தால் பொல்லார்டுக்கு அரையிறுதியே இல்லை. இறுதியில் நியூசிலாந்தின் ரிச்சி மோயுங்கா கன்வர்ஷனையும், ஜோர்டி பாரெட் நெடுந்தூரப் பெனால்டியையும் தவறவிட்டார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் எல்லோர் கையிலும் ஆதாரம் இருக்கும். ஆகவே முடிவைக் காட்டி வாதிடுபவரைவிட, ஆட்டத்தின் நடுவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைக் காட்டி வாதிடுபவரின் பேச்சுக்குக் காது கொடுங்கள். ‘பொல்லார்ட் கோப்பை வாங்கினார்’ என்பது வாதமல்ல. ‘மழை வலுத்தபோது உதைத்து இடம் பிடிக்கிற ஆள் தேவைப்பட்டார், அதை 31-ஆம் நிமிடத்திலேயே உணர்ந்தார்கள்’ என்பது வாதம்.

இந்த நாட்டில் அணித் தேர்வுப் பேச்சுக்கு இன்னோர் அடுக்கும் உண்டு. வெள்ளையரல்லாதவர் ஸ்பிரிங்பாக் சட்டை அணிய முடியாதிருந்த காலம் நெடியது. அந்தக் காலத்தில் வெள்ளையரல்லாத ரசிகர்கள் பலர் சொந்த நாட்டில், வந்த அணிக்கே கைதட்டினார்கள். 1981-இல் எரல் டோபியஸ் முதல் கறுப்பின ஸ்பிரிங்பாக் ஆனார். 1984-இல் இங்கிலாந்துக்கு எதிராக 10-ஆம் எண்ணில் ஆடி ஜெயித்தும் காட்டினார். ஆட்டத்தை நடத்தும் மூளை யாருடையது என்ற கேள்வி அங்கே வெறும் விளையாட்டுக் கேள்வியாக இருந்ததே இல்லை. வெள்ளையரல்லாத லிபோக் தவறவிடும் ஓர் உதைக்கு வரும் வசவிலும், அவரைத் தாங்கிப் பேசும் வேகத்திலும் அந்த வரலாற்றின் சூடு இருக்கிறது. வெளியிலிருந்து கேட்கும் நாம் அதை மறந்துவிட்டுக் கேட்டால் பாதிதான் கேட்டவர்கள்.

2025-இல் வாதம் உச்சத்துக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டே பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ், நியூசிலாந்தின் முன்னாள் ஃப்ளைஹாஃப் டோனி பிரவுனைத் தாக்குதல் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார். உதைத்து இடம் பிடிக்கும் அணி பந்தைக் கையில் வைத்து ஓடக் கற்றுக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 16, எல்லிஸ் பார்க் மைதானத்தில் லிபோக் 10-ஆம் எண்ணில். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 22-0 என்று பறந்தார்கள். பிறகு ஒரு புள்ளிகூட எடுக்காமல் 38 புள்ளி வாங்கித் தோற்றார்கள். அடுத்த வாரம் கேப் டவுனில் பொல்லார்ட், 30-22 வெற்றி. பார்த்தீர்களா என்றது ஒரு கட்சி. செப்டம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் அதே பொல்லார்டுடன் 24-17 தோல்வி. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்றது மறுகட்சி. ஒரு வாரத்தில் 10-ஆம் எண் மூன்றாவது ஒருவரிடம் கைமாறியது; வெலிங்டனில் 43-10, நியூசிலாந்து தன் வரலாற்றில் கண்ட மிகப் பெரிய தோல்வி.

செப்டம்பர் 27 அன்று டர்பனில், 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் இன்றும் வாழும் அந்த ஊரில், மூன்றாவது கட்சி பிறந்தது. சாஷா ஃபைன்பெர்க்-ம்ங்கோமெசுலு, 2024-இல்தான் அணிக்குள் வந்த இளைஞர். அர்ஜென்டினாவுக்கு எதிராக மூன்று ட்ரை, எட்டு கன்வர்ஷன், இரண்டு பெனால்டி என்று மொத்தம் 37 புள்ளி. ஒரே ஆட்டத்தில் வேறெந்த ஸ்பிரிங்பாக் வீரரும் இவ்வளவு எடுத்ததில்லை. 67-30.

எராஸ்மஸ் இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்ல மறுப்பதைப் பலர் குழப்பம் என்கிறார்கள். எனக்கு அது தெளிவாகவே படுகிறது. மோர்னே ஸ்டெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து, கடைசி உதையில் தொடரை வென்றார். 12 ஆண்டு கழித்து, 2021-இல் 37 வயதில் மீண்டும் மாற்றாக வந்து, அதே லயன்ஸுக்கு எதிராக, மீண்டும் கடைசி நிமிடங்களில் பெனால்டி உதைத்துத் தொடரை வென்றார். தொடங்குபவர் ஒருவர், முடிப்பவர் ஒருவர் என்பது அங்கே புதிதல்ல. எண்பது நிமிடத்துக்கும் ஒரே ஆள் வேண்டும் என்று அடம்பிடிப்பது ரசிகர்கள்தான்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். 2027-இல் ஆஸ்திரேலியாவில் அடுத்த உலகக் கோப்பை. காய்ந்த தரையில், நல்ல வெளிச்சத்தில் சாஷா தொடங்க வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில், தடுப்பாளர்களின் கால்கள் கனத்த பிறகு லிபோக் வர வேண்டும். களைத்த தடுப்பு வரிசையில் விரியும் இடைவெளியை அவரைப் போல முன்கூட்டியே பார்ப்பவர் இன்று வேறு யாரும் இல்லை என்று நம்புகிறேன். மழை பெய்து, எதிரே ஃபேரல் மாதிரி ஒருவர் நின்றால் என்ன செய்வீர்கள் என்று பொல்லார்ட் கட்சி கேட்கும். நியாயமான கேள்வி, சாஷாவின் உதை அப்படியோர் இரவில் இன்னும் சோதிக்கப்படவில்லை. அதற்குள் மார்செய் ஆட்டத்தையும் அந்த அரையிறுதியையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்கோர் எழுதும் மூலையைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். எந்தக் கட்சி உங்களுடையது என்று அப்போது தெரியும்.