சுவரில் ஒரு சுண்ணக்கோடு

1962 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘டுவைலைட் ஸோன்’ தொடரின் ‘லிட்டில் கேர்ள் லாஸ்ட்’ அத்தியாயத்தில் வேற்றுலகப் பிராணி என்று ஒன்றுமே வருவதில்லை. நள்ளிரவில் குழந்தை அழுகிறாள். குரல் அறைக்குள்ளேயே கேட்கிறது, குழந்தையைத்தான் காணோம். கட்டிலுக்கடியில் துழாவும் தகப்பனுக்கு வெறுந்தரைதான் அகப்படுகிறது. இயற்பியல் படித்த நண்பர் வந்து சுவரைத் தடவுகிறார். கை உள்ளே போகும் இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இழுக்கிறார். ரிச்சர்ட் மேதிசன் எழுதிய இக்கதையின் உச்சம் அந்தக் கோடுதான். பிறகு தகப்பன் அப்புறத்தில் போய் விழுந்ததும் காட்டப்படும் புகைமூட்டமும் கோணல்மாணலான பிம்பங்களும் அதற்கு உறைபோடக் காணாது.

இதைச் செலவுக்கு அஞ்சிய சிக்கனம் என்று ஒதுக்க முடியாது. வடிவக்கணிதமே அப்படித்தான் சொல்கிறது. எட்வின் அபாட் 1884இல் வெளியிட்ட ‘ஃபிளாட்லேண்ட்’ நாவலில், தாள்போல் தட்டையான உலகத்துக்குள் ஓர் உருண்டை நுழைகிறது. அங்குள்ளவர் கண்ணுக்கு அது முதலில் ஒரு புள்ளி, பிறகு வளர்ந்து தேயும் வட்டம், கடைசியில் ஒன்றுமில்லை. முழு உருண்டையைப் பார்க்க அவர்களுக்கு வழியே கிடையாது. நம்மைவிட ஒரு பரிமாணம் கூடுதலாக உள்ள ஒன்று நம் வீட்டுக்குள் வந்தால் நமக்கும் அதன் வெட்டுமுகம் மட்டுமே கிடைக்கும். தலை, கை, கால் சகிதம் முழுசாக வந்து நிற்கும் வேற்றுப் பரிமாண ஆசாமி எவ்வளவு கோரமாக இருந்தாலும் உள்ளூர்க்காரன்தான். ‘அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரில் 1963 டிசம்பரில் வந்த ‘தி பார்டர்லேண்ட்’ இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. காந்தப்புலச் சோதனையில் விஞ்ஞானி ஒருவரின் இடக்கை வலக்கையாகத் திரும்பிவிடுகிறது. இடக்கால் செருப்பை எப்படிப் புரட்டிப் போட்டாலும் வலக்கால் செருப்பு ஆகாது. புரட்டுவதற்கு நான்காவது திசை ஒன்று வேண்டும். அந்தத் திசையைக் காட்ட முயலாமல், அங்கே போய்வந்த கையை மட்டும் நம் முன்னால் நீட்டுகிறது கதை.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில் பாகான் செராய் வட்டாரத் தமிழருக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. கிரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் பால்மரத் தோட்டங்களாகி, பால்மரமும் போய் இன்று செம்பனை நிற்கிறது. முதலாளியும் பயிரும் மாறினாலும் தோட்டத்து முனியாண்டி இடம் மாறவில்லை. மரத்தடியில் ஒரு கல், நட்ட சூலம், குத்திய எலுமிச்சம்பழம், படையலாய்ச் சுருட்டு. இவற்றுள் எதுவும் முனியின் உருவம் கிடையாது. முனி இந்த உலகத்தைத் தொட்டுப்போகும் இடத்துக்கு அடையாளம், அவ்வளவுதான். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களிடம் ‘ஓராங் புனியான்’ என்ற கண்ணுக்குத் தெரியாத மக்களைப் பற்றிய கதை உண்டு. அந்தி மயங்கும் நேரத்தில் காட்டில் காணாமல் போனவரைப் புனியான்கள் மறைத்துவைத்திருப்பார்கள் என்பது நம்பிக்கை. தேடுகிறவர்களின் பக்கத்திலேயே அவர் இருப்பார், கண்ணில் படமாட்டார். மேதிசனின் குழந்தைக்கு நேர்ந்ததும் இதேதான். சுண்ணக்கட்டி மட்டும் கூடுதல்.

கும்பிடும் சாமியையும் பொழுதுபோக்குத் தொடரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னதில் நேர்த்திக்கடன் உண்டு, பின்னதில் விளம்பர இடைவேளை. நான் ஒப்பிடுவது நம்பிக்கையை அன்று, காட்டும் முறையை. சிமென்டில் ஆளுயரத்துக்கும் மேலே எழுப்பி வண்ணம் பூசிய முனி கம்பீரமாக இருக்கலாம். வெறும் சூலத்தின் முன்னால் வருகிற குளிர் அங்கே வருவதில்லை. தமிழ்த் தொலைக்காட்சிக்கும் இது தெரிந்தேயிருந்தது. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடரில், வெள்ளைக் குதிரையில் வருவது தெய்வமா, ஒரு மனிதனின் பிளவுபட்ட மனமா என்ற கேள்விதான் வாரக்கணக்கில் ஆளைக் கட்டிப்போட்டது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மறைப்பதுதான் கலை என்றால், எதையுமே காட்டாதவன்தானே மகா கலைஞன்? ஒப்புக்கொள்ள முடியாது. 1965இல் ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரில் ஐந்தாம் பரிமாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வாயும் இல்லை, உடம்பும் இல்லை. இருட்டில் தலைகள் மட்டும் மிதக்கின்றன. பாதியை மறைத்தும் பயனில்லை. பேச்சும் மிரட்டலும் அசல் கடத்தல்காரனுடையவை. மாறாக ‘அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயமான ‘தி கேலக்ஸி பீயிங்’ (1963 செப்டம்பர் 16) தன் பிராணியை உச்சி முதல் உள்ளங்கால் வரை காட்டுகிறது. கறாராகப் பார்த்தால் அது ஆண்ட்ரோமீடாவாசி, வேற்றுப் பரிமாணத்தது அன்று. ஆனாலும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட மனம் வரவில்லை. முக்குளிப்போர் உடையை ஒரு நடிகருக்கு மாட்டிப் படம்பிடித்து, அந்த உருவத்தை மட்டும் நெகடிவாகத் திரையில் சேர்த்தார்கள். நிழல் விழ வேண்டிய இடத்தில் வெளிச்சம் வழிகிறது. அறையில் உள்ள விளக்குக்கும் அதன் மேனிக்கும் சம்பந்தமே இல்லை. முழுதாகக் காட்டியும் முழுதாகப் பிடிபடாமல் வைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் கண்ணின் விதி அதன்மேல் செல்லுபடியாகக் கூடாது. வேண்டியது அது ஒன்றுதான். அதனால்தான் அது மெல்லப் பேசும்போதும் நாம் பின்வாங்குகிறோம், அது யாருக்கும் தீங்கு நினைக்காதது என்று தெரிந்த பிறகும். கடைசியில், வானொலி நிலையத்துக் கருவியின் குமிழைத் தானே திருகித் தன் அலையைக் குறைத்துக்கொண்டே போகிறது அது, ஒளி முழுவதும் வடியும் வரை.